கோடுகளுக்கு விலை உண்டா?

கண்ட பொருளைக் கண்டவாறே எழுதுவதுதான் ஓவியம் என்று எண்ணுவோர் பலர். மரம், மலை, மனித முகம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் காட்டாத படத்தின் முன் அவர்கள் திகைத்து நிற்பர். வட்டமும் சதுரமும் முக்கோணமும் மட்டுமே அமைந்த ஓவியம் விலைச்சீட்டுடன் தொங்குமாயின், 'வெறுங்கோடுகளுக்கு இத்துணை விலையா?' என்று வினவுவர். அவ்வினா ஏளனத்தில் பிறப்பதாயினும், அதற்குரிய விடை வரலாற்றில் உண்டு.

கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் 1958ஆம் ஆண்டு தோற்றம் பெற்றது. அதன்பின் பதினோராண்டுகள் கழித்து, 1969இல், இரெட்சா பியாதாசா, சூங் காம் கோவ், தாங் தக் கான் முதலிய இளம் ஓவியர்கள் 'புதிய காட்சி' என்னும் பொருள்படும் பெயரில் கண்காட்சி ஒன்றை நடத்தினர். தமக்கு முற்பட்டோரின் உணர்ச்சி பொங்கும் தூரிகை வீச்சை அவர்கள் விலக்கினர். அளந்து வரைந்த கோடுகளையும் கூரிய விளிம்புகளையும் தேர்ந்தனர். தாங் தக் கான் அவ்வாண்டில் தீட்டிய ஓவியத்தின் பெயரே '49 சதுரங்கள்' என்பதாகும். எதையும் போலச் செய்யாமல், தன் அமைப்பையே தன் பொருளாகக் கொண்ட ஓவியம் அது.

ஆயினும், இத்தகைய ஓவியங்களை எழுதுவோர் எவ்வாறு வாழ்வது? வாங்குவோர் சிலரே, வயிறோ நாள்தோறும் கேட்பது. இச்சிக்கலுக்கு அதே காலப்பகுதியில் தமிழகத்தில் ஒரு வழி காணப்பட்டது.

சென்னை ஓவியப் பள்ளி 1850இல் நிறுவப்பெற்றது. கோவையில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராக விளங்கினார். பயின்று வெளியேறும் மாணவர்கள் பிழைப்பின் பொருட்டுத் தம் கலையையே கைவிட நேர்வதை அவர் உணர்ந்தார். ஓவியர்கள் ஒன்றுகூடிக் கைவினைப் பொருள்களைச் செய்து விற்கலாம் என்பது அவர் கண்ட வழி. அப்பொருள்களுள் தலையாயது, மலேசியர் நன்கறிந்த பாத்திக் துணி. மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் அத்துணி விற்ற வருவாயைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கினர். 1966இல் அங்கு எழுந்த குடியிருப்பே சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

இம்முயற்சியின் நுட்பம் எண்ணத்தக்கது. கைவினை சந்தைக்குச் சென்றது. அதனால் ஓவியம் சந்தைக்கு அடிபணியாமல் நின்றது. வாங்குவோர் விருப்பத்திற்கேற்ப முகங்களையும் காட்சிகளையும் தீட்டவேண்டிய கட்டாயம் அகன்றது. பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் எண்களும் வடிவியற் கோடுகளும் சாதகக் கட்டங்களும் ஓவியப் பொருளாயின. அவர்தம் மாணவருள் கே.வி. அரிதாசன் யந்திர வடிவங்களிலிருந்து தம் ஓவிய மொழியை அமைத்தார். விசுவநாதன், 1968இல் பாரிசு சென்ற பின்னரும், முக்கோணத்தையும் வட்டத்தையும் சதுரத்தையும் தொடர்ந்து ஆராய்ந்தார்.

இங்கே ஓர் ஒப்பீடு பொருந்தும். பினாங்கில் சுவா தியன் தெங் 1950களில் பாத்திக் முறையையே ஓவியமாக உயர்த்தினார். அங்கு மெழுகும் சாயமுமே கலையாயின. சோழமண்டலத்தில் அவை கலைக்குக் காவலாயின. வழி வேறு, இரண்டும் உழைப்பின் பெருமையே.

மேற்கூறிய வடிவங்கள் தமிழர்க்குப் புதியனவும் அல்ல. பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாயில்களிலும் கிள்ளானின் கோவில் முற்றங்களிலும் புள்ளி வைத்து இழையோட்டும் கோலத்தில், முகம் எங்கே, மரம் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. புள்ளிகளின் ஒழுங்கையும் இழையின் ஓட்டத்தையும் கண்டு மகிழ்கின்றனர். எனினும் கோலமும் ஓவியமும் ஒன்றெனக் கூறிவிடலாகாது. கோலம் தலைமுறைதோறும் கைமாறி வரும் பொதுச் செல்வம், காலையில் மலர்ந்து காலடியில் மறைவது, விலை வேண்டாதது. மூல ஓவியமோ ஒருவர் தம் பொறுப்பில் எடுத்த முடிவு. எந்தக் கோடு எங்கே நிற்கவேண்டும், எந்த வண்ணம் எதனை அடுத்து அமையவேண்டும் என்பதை அவரே துணிந்திருக்கிறார். அவ்வாறு துணிவதற்கு வேண்டிய ஆண்டுகளை உணவும் உறையுளும் தாங்கவேண்டும். துணிக்கும் சாயத்திற்கும் ஆகும் செலவு சிறிது. அவ்வாண்டுகளின் செலவே பெரிது. விலைச்சீட்டில் உள்ள எண் அதனையே குறிக்கிறது.

எல்லா விலையும் நேரிய விலை என்பது இதன் பொருளன்று. கண்ணால் ஆராயாமல் பெயரை மட்டும் நம்பி வாங்குவதும், ஆராயாமலே இகழ்வதும் ஒரே குறையின் இரு பக்கங்கள். அக்குறையைப் போக்கும் இடம் பள்ளி வகுப்பறை. கோலமறிந்த மாணவனிடம் வடிவியல் ஓவியம் ஒன்றைக் காட்டும் ஆசிரியர், 'இது எதன் படம்?' என்று கேட்பதினும், 'இக்கோடு ஏன் இங்கே நின்றது?' என்று கேட்பது நன்று. அவ்வினாவுக்கு விடை தேடப் பழகிய கண், விலையையும் மதிப்பையும் வேறுபடுத்தி அறியும்.