ராஜ்தூத் 350: டிஸ்க்கைத் தொலைச்சுட்டு வந்த ஜப்பான்காரன்

வண்டி பத்தி எழுதி ரொம்ப நாளாச்சு. இந்தத் தடவை ராஜ்தூத் 350. பேரைச் சொன்னாலே அந்தக் கால காலேஜ் பசங்க முகம் மலரும், அவங்களைப் பெத்தவங்க முகம் சுருங்கும் :-) ஏன் சுருங்குச்சுங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஜப்பான் கதை. 1970-ல யமஹா 'ஆர்5'னு ஒரு 350 சி.சி. வண்டியை இறக்கினாங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், காத்துலயே குளிர்ற எஞ்சின். 1973-ல அதை மெருகேத்தி வந்ததுதான் ஆர்.டி. 350. கணக்குப்படி 347 சி.சி., ஆறு கியர், 39 குதிரைத்திறன். இதுல புதுசு ரீட் வால்வு. எஞ்சினுக்குள்ள கலவை போற வழியில மெல்லிசான இதழ்கள் இருக்கும். எஞ்சின் உறிஞ்சும்போது திறக்கும், கலவை திரும்பி வரப் பார்த்தா மூடிக்கும். அதனால குறைஞ்ச வேகத்துலயும் இழுவை கிடைச்சுது. யமஹாவோட டி.இசட். 350 ரேஸ் வண்டியும் இதே குடும்பம்தான். இன்னொண்ணு, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: ஆர்.டி.க்கு முன் சக்கரத்துல டிஸ்க் பிரேக்.

1975-ஓட ஆர்.டி. 350 முடிஞ்சுது. 1976-ல ஆர்.டி. 400 வந்துச்சு. அமெரிக்காவுல புகைக் கட்டுப்பாடு இறுக, 1979-ஓட அதுவும் போச்சு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். லைசென்ஸ் ராஜ்யம். பைக்னா புல்லட், யெஸ்டி, ராஜ்தூத்னு மூணே மூணு பேருதான். இதுல ராஜ்தூத் 175-ஐச் செஞ்சுக்கிட்டிருந்த எஸ்கார்ட்ஸ், யமஹாவோட கை கோத்து 1983-ல ராஜ்தூத் 350-ஐக் கொண்டு வந்தாங்க. ஜப்பான் எப்பவோ கைகழுவின அதே ஆர்.டி.தான். ஆனா நம்ம ஆளுங்களுக்கு அது வேற கிரகத்து வண்டி. புல்லட் 350 அப்ப 18 குதிரைத்திறன். இது 30.5. அப்புறம் மைலேஜுக்காக 27-க்கு இறக்கி இன்னொரு மாடலும் விட்டாங்க. முதல்ல வந்தது 'ஹை டார்க்', அடுத்தது 'லோ டார்க்'.

எல்லாம் சரி, அந்த டிஸ்க் எங்கப்பா? காணோம்! அதுக்குப் பதிலா 180 மி.மீ. டிரம் பிரேக். ட்வின் லீடிங் ஷூ வகைதான், மட்டம்னு சொல்ல முடியாது. ஆனா டிரம்முக்குள்ள சூடு தங்கும். அடுத்தடுத்து நாலு தடவை அழுத்திப் பிடிச்சா பிடிமானம் குறையும். வேகம் ரெண்டு மடங்கானா, நிறுத்தறதுக்குக் கரைக்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. போதாக்குறைக்கு, புல்லட்ல ஆக்ஸிலரேட்டரை விட்டாலே எஞ்சின் வண்டியைப் பிடிச்சு இழுக்கும். டூ ஸ்ட்ரோக்ல அந்த இழுப்பு ரொம்பக் கம்மி. புல்லட்லேர்ந்து இதுக்கு மாறினவன், எதிர்ல மாட்டு வண்டியைப் பார்த்ததும் பழக்க தோஷத்துல கையைத் தளர்த்துவான். வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்.

ஆர்.டி.க்கு 'ரேபிட் டெத்'னு பட்டப்பேர் இப்படித்தான் ஒட்டிக்கிச்சு. பழியெல்லாம் எஞ்சின் மேலயும் ஓட்டின பசங்க மேலயும் விழுந்துச்சு. பசங்க திமிரு இல்லைன்னு சொல்லலை. ஆனா வேகத்தைக் கொடுத்துட்டு பிரேக்ல சிக்கனம் பிடிச்சது யாரு? இத்தனைக்கும் அதே 1983-ல வெளிநாட்டுக்கு யமஹா விட்ட ஆர்.டி. 350 ஒய்.பி.வி.எஸ்.ஸுக்கு முன்னாடி ரெண்டு டிஸ்க்! அவங்க ஊர் உயிருக்கு ரெண்டு, நம்ம ஊர் உயிருக்கு சைபர்.

விற்பனையும் எடுபடலை. பெட்ரோலை அப்படியே குடிக்கும். பார்ட்ஸ் விலை கையைக் கடிக்கும். ஆயிலைத் தானா அளந்து ஊத்துற பம்பை நம்பாம, அதைக் கழட்டிட்டு பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஓட்டினவங்க நிறைய. அதுக்குள்ள 1984-ல இந்த்-சுசுகி, 1985-ல ஹீரோ ஹோண்டாவும் ஆர்.எக்ஸ். 100-ம்னு 100 சி.சி. படை வந்து இறங்கிடுச்சு. லிட்டருக்கு எவ்வளவு ஓடும்னு கேட்கற ஊர்ல 350 என்ன பண்ணும்? 1990 வரும்போது கதை முடிஞ்சிருந்துச்சு.

அப்புறம்தான் தமாஷ். விற்காத வண்டிக்கு இப்ப அடிதடி. தோனி வீட்ல கூட ஒண்ணு நிக்குது. பழசைத் தேடிப் பிடிச்சுப் புதுப்பிக்கறவங்க பல பேர் மறக்காம செய்யற வேலை என்ன தெரியுமா? முன் சக்கரத்துல ஒரு டிஸ்க் மாட்டறது. கம்பெனி 1983-ல செஞ்சிருக்க வேண்டியதை இவங்க சொந்தக் காசுல செய்யறாங்க.

உங்க தெருவுல யாராவது வச்சிருந்தாங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க. முக்கியமா, டிஸ்க்கா டிரம்மான்னு :-)