மேட்டாங்காட்டுல இருந்து கடலுக்கு

நம்ம கோயமுத்தூருக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்? இருக்குதுங்க! 1887ல் கோவை மாவட்ட மேனுவலை எழுதின ஐசிஎஸ் அதிகாரி பிரெடெரிக் நிக்கல்சன். விவசாயிகளோட வட்டிக்கொடுமைக்கு வழி தேடி, 1890களில் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

அதே மனுசர்கிட்டதான் 1905ல் மெட்ராஸ் அரசு மீன்வளத்தை ஆராயச் சொல்லுச்சு. ஜப்பானுக்கே போயி மீன்தொழிலைப் பாத்துட்டு வந்தார். 1907ல் மீன்வளத்துறை பிறந்தது, இவரே கௌரவ இயக்குநர்.

2022ல் பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு காப்பகமாச்சு. நல்ல விசயம். ஆனா கடலைக் காக்க ஒதுக்குற பணத்துல, வலையை விரிக்கிற மீனவரோட கடனுக்கும் ஒரு பங்கு வேணுமுங்க. கடன்காரர் வாசல்ல நிக்கறப்ப, எந்த மீனவரால வலையைச் சுருட்டி வெக்க முடியும்?