ஆதிச்சநல்லூர் தாழிகளும் நம் ஊர்ச் சுடுகாடும்

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையோரம் 114 ஏக்கரில் கிடக்கிறது ஆதிச்சநல்லூர் பரம்பு. கல்லும் சரளையுமான மேட்டு நிலம். இரும்புக் காலத்து மக்கள் அதைத்தான் இடுகாடாக வைத்திருந்தார்கள். பாறையில் குழியெடுத்து, முதுமக்கள் தாழிகளை அதில் இறக்கினார்கள்.

1876இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். 1900களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள், தங்க நெற்றிப்பட்டங்கள் எல்லாம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. நூறாண்டு கழித்து, 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. இன்று அங்கேயே குழிகளின் மேல் கண்ணாடி பதித்து மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

தோழர்களே, இந்தத் தாழிகளை வைத்துத் தமிழர் பெருமை பேசப்படுகிறது. நமக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களில் தெளிவாக இருப்போம்.

ஒன்று, அங்கே எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்று தாழிகள் சொல்லவில்லை. தங்கப் பட்டத்தோடு புதைக்கப்பட்டவர்கள் சிலரே. பல தாழிகளில் வெறும் மண்பாண்டங்கள்தான். ஏற்றத்தாழ்வு இருந்திருக்கிறது. ஆனால் எந்த எலும்பிலும் சாதி எழுதியிருக்கவில்லை. 'இவர்கள் எங்கள் சாதி முன்னோர்' என்று யார் உரிமை கொண்டாடினாலும் ஆதாரம் கேட்போம். நம்மவர் சொன்னாலும் கேட்போம்.

இரண்டு, ஏறக்குறைய 3,000 ஆண்டுக்கு முன் இறந்தவருக்குக் கிடைக்கும் மரியாதை இன்று இறக்கும் தலித்துக்குக் கிடைப்பதில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழியில் நிலம் வைத்திருந்தவர்கள் பாதை விடவில்லை. தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்க வேண்டியதாயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது.

இன்னும் பல ஊர்களில் ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு. ஊர்ப் பிணத்துக்குக் குழி வெட்ட மட்டும் சேரி ஆள் வேண்டும். அந்த வேலைக்கு 'வெட்டியான்' என்று பெயர் வைத்து இழிவாக்கிய சமூகம்தான், பழங்காலக் குழிகளைக் கண்ணாடி வழியே பார்த்துப் பூரிக்கிறது.

மாணவர்கள் ஆதிச்சநல்லூருக்குப் போய்வாருங்கள். திரும்பியதும் உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். மயானம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, அதற்குப் பாதை யார் பட்டாவுக்குள் போகிறது, புறம்போக்கு எவ்வளவு ஆக்கிரமிப்பில் போயிருக்கிறது என்று எழுதி எடுங்கள். நாம் அகழ்ந்தெடுக்க வேண்டிய வரலாறு அந்தப் பதிவேட்டிலும் புதைந்திருக்கிறது.