வீட்டுக்குள் ராட்சத முயல்: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வாங்கும் நாளில் அது இரு கைகளுக்குள் அடங்கிவிடும். ஓராண்டு கழித்துப் பார்த்தால், அதே முயல் ஆறு, ஏழு கிலோ எடையுடன் வரவேற்பறைத் தரையில் கால்நீட்டிப் படுத்திருக்கும். ராட்சத முயல் வளர்க்க விரும்புவோர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். குட்டியின் அளவைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, வளர்ந்த முயலுக்கு இடமும் குளிர்ச்சியும் தரமுடியாமல் தடுமாறும் நிலை பிறகு வரக்கூடாது.

ராட்சத இனங்களில் உலகெங்கும் அறியப்பட்டது ‘ஃபிளெமிஷ் ஜயண்ட்’. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் வளர்க்கப்பட்ட முயல் இது. இந்த இனத்துக்கான முதல் தர அளவுகோல் 1893ல் வகுக்கப்பட்டது. ‘கான்டினென்டல் ஜயண்ட்’, தொங்கும் காதுகளையுடைய ‘ஃபிரெஞ்ச் லாப்’ ஆகியவையும் பேருருவ முயல்களே. வீடுகளில் பரவலாகக் காணப்படும் ‘நெதர்லாந்து டுவார்ஃப்’ முயலின் எடை ஏறத்தாழ ஒரு கிலோதான். டேரியஸ் என்ற ‘கான்டினென்டல் ஜயண்ட்’ முயல் 129 சென்டிமீட்டர் நீளத்துடன் 2010ல் கின்னஸ் சாதனை படைத்தது.

பெரிய முயல்கள் பொதுவாகச் சாதுவானவை. சிறிய இனங்களைப்போல் படபடப்பதில்லை. அதனால்தான் பலருக்கும் இவற்றின்மீது ஆசை. ஆனால், சாதுவான குணம் பராமரிப்பை எளிதாக்கிவிடாது.

வீவக வீட்டில் வளர்க்கலாமா?

சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக முயல் வளர்க்க அனுமதி உண்டு. வீவக வீடுகளிலும் வளர்க்கலாம். நாய், பூனைக்குத் தேவைப்படுவதுபோல் தனி உரிமம் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து முயல் கொண்டுவருவதற்கு மட்டும் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவின் உரிமம் வேண்டும்.

விதி இடம் தருகிறது. ஆனால், வீடு இடம் தருமா என்பதை உரிமையாளர்தான் பார்க்க வேண்டும். இரண்டு சாதாரண முயல்களுக்கே குறைந்தது மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட இடம் தேவை என்பது பிரிட்டனின் முயல் நல அமைப்பு ஒன்றின் பரிந்துரை. ராட்சத முயலுக்கு அதைவிடக் கூடுதல் இடம் வேண்டும். கடைகளில் விற்கப்படும் கூண்டு எதுவும் இதற்குப் போதாது. ஓர் அறையையோ, வரவேற்பறையில் தடுப்பு வைத்துப் பிரித்த ஒரு பகுதியையோ முயலுக்கென ஒதுக்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றால் தாழ்வான மேசையின் மேற்பரப்பு இதற்கு எட்டிவிடும். மின்கம்பிகளைக் கடித்துவிடும் என்பதால் அவற்றுக்கு உறையிட வேண்டும். கழிவுப் பெட்டியாகப் பூனைக்கான தட்டு சிறியது. ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிய பெரிய பிளாஸ்டிக் பெட்டி வசதியாக இருக்கும்.

வெயில்தான் பெரிய எதிரி

முயலுக்கு உகந்த வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை. இங்கு பிற்பகல் வெப்பநிலை 31, 32 டிகிரியைத் தொடுவது வழக்கம். முயலுக்கு வியர்க்காது. உடல்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே அது வெளியேற்றுகிறது. உடல் பெரிதாக இருந்தால் சூடு தணிய நேரமெடுக்கும். குளிர்ப்பகுதியில் உருவான இனத்துக்கு இது மேலும் சிரமம்.

வியர்வை இல்லாததால் மின்விசிறிக் காற்று முயலுக்கு அதிகம் உதவாது. பிற்பகலில் குளிர்சாதனம் வேண்டியிருக்கும். மாதந்தோறும் அதற்கான மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துணி உலர்த்தும் பகுதியிலோ, மாலை வெயில் விழும் சன்னலோரத்திலோ முயலை வைக்கக்கூடாது. உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி அருகில் வைத்தால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

வாயைத் திறந்து மூச்சுவாங்குவது, எச்சில் வழிவது, காதுகள் கொதிப்பது, துவண்டு கிடப்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, காதுகளைத் தண்ணீரால் நனைத்து, மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பனிக்கட்டித் தண்ணீரில் முயலை அமிழ்த்தக்கூடாது. அந்த அதிர்ச்சியே உயிரைப் பறித்துவிடலாம்.

தரையும் தூக்கும் முறையும்

நாய், பூனைக்குப் பாதத்தில் மெத்தைபோன்ற தசைப்பகுதி உண்டு. முயலுக்கு வெறும் ரோமம்தான். ஏழு கிலோ எடை கம்பித் தரையில் நாள்முழுதும் அழுத்தினால் குதிகால் புண்ணாகும். அப்புண் எளிதில் ஆறாது. வழுக்கும் ஓட்டுத் தரையும் மூட்டுகளுக்கு நல்லதன்று. துவைக்கக்கூடிய விரிப்புகளைத் தரையில் பரப்புவது அவசியம்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை மார்புக்குக் கீழும் மறுகை பின்பகுதிக்குக் கீழும் இருக்க வேண்டும். பின்கால்கள் பிடிப்பின்றித் தொங்கினால் முயல் உதைக்கும். அந்த உதையின் வேகத்திலேயே அதன் முதுகெலும்பு முறியக்கூடும். ஐந்து கிலோ அரிசி மூட்டையைவிட எடை கூடிய ஒரு பிராணி கையில் திமிறுவதை எண்ணிப் பார்த்தால், சிறுவர்களும் முதியவர்களும் அதைத் தூக்கக்கூடாது என்பது புரியும். அவர்கள் தரையில் அமர்ந்து தடவிக்கொடுப்பதே இருதரப்புக்கும் பாதுகாப்பு.

உணவும் மருத்துவமும்

முயலுக்குக் கேரட்தான் உணவு என்ற எண்ணம் தவறு. அதில் சர்க்கரை அதிகம். உணவில் ஐந்தில் நான்கு பங்கு உலர்புல்லாக இருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் வளரும் பற்களைத் தேய்ப்பதும் குடலை இயங்க வைப்பதும் அந்தப் புல்தான். வளரும் குட்டிகளுக்கு ‘அல்ஃபால்ஃபா’ புல்லும், வளர்ந்தவற்றுக்கு ‘டிமொதி’ புல்லும் ஏற்றவை. கொத்தமல்லித் தழை, சியாவ் பாய் சாய் போன்ற கீரைகளைக் கழுவி நாள்தோறும் கொடுக்கலாம். சோறு, ரொட்டி, பிஸ்கட் கூடாது.

பன்னிரண்டு மணி நேரம் முயல் எதையும் தின்னாமல் இருந்தால், அல்லது புழுக்கை போடாமல் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. குடல் இயக்கம் நின்றுபோவது உயிருக்கே ஆபத்து. எல்லா மருந்தகங்களும் முயலுக்குச் சிகிச்சை அளிப்பதில்லை. எனவே, முயல் வீட்டுக்கு வருமுன்பே, இரவிலும் பார்க்கக்கூடிய மருத்துவரைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது.

கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். ராட்சத இனங்கள் தாமதமாகவே முதிர்ச்சியடையும் என்பதால் அறுவைச் சிகிச்சைக்கான காலத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். முயல் வாந்தி எடுக்காது. ஆகவே, அறுவைச் சிகிச்சைக்கு முன் அதைப் பட்டினி போடத் தேவையில்லை.

முயல்களைத் திடீரெனக் கொல்லும் ரத்தக்கசிவு நோய் 2020 செப்டம்பரில் சிங்கப்பூரில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. இது மனிதர்களுக்குத் தொற்றாது. ஆனால் காலணி, உணவுத்தட்டு, பூச்சிகள் மூலமும் முயல்களிடையே பரவும். தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டறியலாம்.

கைவிடுவது குற்றம்

சிறிய முயல்கள் பத்து ஆண்டுகள்கூட வாழும். ராட்சத முயல்களின் ஆயுள் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள்தான். இதயநோய், மூட்டுவலி இவற்றை முன்னதாகவே பிடித்துக்கொள்ளும். முதுமையில் குனிந்து தன்னைச் சுத்தம் செய்துகொள்ள இயலாத முயலை நாள்தோறும் துடைத்துவிட வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் தயாராக இல்லாதவர் முயலைப் பூங்காவில் விட்டுவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கலாம். வீட்டில் வளர்ந்த முயலுக்கு வெளியில் இரை தேடவும் தெரியாது, தப்பிக்கவும் தெரியாது. செல்லப்பிராணியைக் கைவிடுவது சட்டப்படி குற்றமும்கூட. முதன்முறை குற்றம் புரிபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதங்கள் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

குட்டியை வாங்குவதற்குப் பதில், விலங்குநல அமைப்புகளின் பராமரிப்பில் இருக்கும் வளர்ந்த முயலைத் தத்தெடுப்பது இன்னொரு வழி. அதன் எடை, குணம், உடல்நலம் மூன்றும் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். எந்த முயலாக இருந்தாலும், வீட்டில் உள்ள அனைவரும் ஒப்புக்கொண்ட பிறகு, விரிப்பும் தடுப்பும் மருத்துவரின் தொலைபேசி எண்ணும் தயாரான பிறகு அழைத்துவருவதே முறை.