டீனா ப்ரூக்ஸ்: வெளிவந்தது ஒன்று, வராதது மூன்று

டீனா என்றதும் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன வயசுல பொடியனா இருந்ததால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. சொந்தப் பெயர் ஹெரால்ட் ஃப்ளாய்ட் ப்ரூக்ஸ். 1932-ல் வட கரோலைனாவில் பிறந்தவர். டெனர் சாக்ஸபோன் கலைஞர். பீபாப்பின் சிக்கலோடு ப்ளூஸையும் கறுப்பினத் தேவாலயப் பாட்டின் சூட்டையும் கலந்த ஹார்ட் பாப், ஐம்பதுகளில் நியூயார்க்கை ஆட்டிவைத்தது. அதன் தாய்வீடு ப்ளூ நோட் நிறுவனம்.

1960 ஜூன் மாதத்தைப் பாருங்க. 19-ஆம் தேதி 22 வயது ட்ரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்டின் முதல் ஆல்பம் 'ஓப்பன் செசமி' பதிவாகிறது. தலைப்புப் பாட்டும் 'ஜிப்ஸி ப்ளூ'வும் ப்ரூக்ஸ் போட்ட மெட்டுகள். சாக்ஸபோனும் அவர்தான். ஆறே நாள் கழித்து, 25-ஆம் தேதி, அதே ஜோடி 'ட்ரூ ப்ளூ'வைப் பதிவு செய்கிறது. இந்தத் தடவை தலைவர் ப்ரூக்ஸ். ஹப்பர்ட் அங்கிருந்து உலகப் புகழுக்குப் போனார். ப்ரூக்ஸ் உயிரோடு இருந்தபோது அவர் பெயரில் வெளிவந்த ஒரே ஆல்பம் 'ட்ரூ ப்ளூ'தான்.

மற்றவை? 1958-ல் லீ மார்கனும் ஆர்ட் பிளேக்கியும் சேர்ந்து வாசித்த 'மைனர் மூவ்' பெட்டிக்குள் போனது. 'பேக் டு தி ட்ராக்ஸ்' ஆல்பத்துக்கு 4052 என்று பட்டியல் எண்கூட கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் வரவில்லை. 1961-ல் 'தி வெயிட்டிங் கேம்', அதுவும் உள்ளேயே. பெயரைப் பாருங்க! அதற்கப்புறம் அவர் ஸ்டூடியோ பக்கமே போகவில்லை.

ஹெராயின்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பழக்கம் இருந்தது உண்மைதான். போதை அடிமைகளைப் பற்றிய 'தி கனெக்ஷன்' நாடகத்தில், மேடையில் வாசித்த ஜாக்கி மெக்லீனுக்கு மாற்றாகவும் இருந்திருக்கிறார். ஆனா மெக்லீனுக்கும் அதே பழக்கம் இருந்ததே! அவர் ஆல்பங்கள் வந்துகொண்டுதானே இருந்தன? ஒரே ஒரு தட்டை வைத்துக்கொண்டு ஒரு கலைஞர் எத்தனை கிளப்பின் கதவைத் தட்ட முடியும்?

அந்த ஒற்றைத் தட்டில் முதல் பாட்டு 'குட் ஓல்ட் சோல்'. கேட்டுப் பாருங்க. சத்தம் போட்டு மிரட்டுகிற ஆள் இல்லை. மூச்சு எங்கே எடுக்கிறார்னு தெரியாம ஒரு வாக்கியம் அடுத்ததுக்குள் வழுக்கிப்போகும். ஹப்பர்டின் பளபளப்புக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் சோகமாக் கேட்கும். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

1974-ல், 42 வயதில், கல்லீரல் செயலிழந்து நியூயார்க்கில் இறந்தார். 1985-ல் மொசைக் நிறுவனம் அவருடைய நான்கு பதிவுகளையும் ஒரே பெட்டியாக வெளியிட்டது.