கூட்டுப் பணமும் நாலு நம்பரும்

1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, பால்மரம் சீவும் தொழிலாளியின் நாள்கூலி ஏறத்தாழ அரை வெள்ளி. மாதச் சாமான் கடைக் கணக்கில் ஏறும். சம்பள நாளன்று கூலியில் பெரும்பகுதி கடைக்கே திரும்பும். ஆனால் கல்யாணம், கருமாதி, ஊருக்குக் கப்பல் என்று வந்தால் மொத்தமாகப் பணம் வேண்டும். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்கள் நிலத்தின் பேரிலும் வியாபாரத்தின் பேரிலும் கடன் கொடுத்தார்கள். தோட்டத்து லயத்தில் குடியிருந்தவனிடம் ஈடு வைக்க நிலம் ஏது?

அந்தக் குறையை நிரப்பியது கூட்டு. இக்காலத் தொகையில் சொன்னால், பத்துப் பேர் மாதம் ஆளுக்கு நூறு வெள்ளி போட்டால் ஆயிரம் சேரும். முதல் மாதப் பணம் பெரும்பாலும் நடத்துபவருக்கு. பிறகு பெயர் எழுதிய சீட்டுகளைச் சுருட்டிப் போட்டுக் குலுக்கலாம், அல்லது ஏலம் விடலாம். ஏலத்தில் அவசரக்காரர் 150 வெள்ளி தள்ளி 850ஐ எடுத்துக்கொள்வார். தள்ளிய பணம் மற்றவர்களுக்குப் பங்காகும். முன்னால் எடுப்பவர் வட்டி கட்டுகிறார், கடைசிவரை பொறுப்பவர் வட்டி வாங்குகிறார். வட்டி என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்வதில்லை. குலுக்கல் கூட்டைப் பார்த்தால், எல்லோருக்கும் ஒருமுறை பரிசு விழுகிற லாட்டரிதான் அது. பணத்தை எடுத்தவர் அடுத்த மாதம் ஊரைவிட்டுப் போய்விட்டால் மட்டும் கணக்கு உடையும்.

நிஜ லாட்டரியும் பக்கத்திலேயே வளர்ந்தது. சமூகநல லாட்டரி 1950களில் வேரூன்றி 1990களின் தொடக்கம்வரை ஓடியது. 1969இல் மேக்னம் நிறுவனத்தின் நான்கு இலக்கக் குலுக்கல் வந்தது. அதே ஆண்டு அரசே ஸ்போர்ட்ஸ் டோட்டோவைத் தொடங்கி, 1985இல் தனியாருக்கு விட்டது. கனவில் கண்டது, விபத்தில் நொறுங்கிய காரின் பதிவெண் என எதுவும் 'நாலு நம்பர்' ஆகும். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். பரிசு 23 எண்களுக்கு. ஒரு வெள்ளியை 'பெரிசு' என்னும் வகையில் கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி. பரிசுகள் அனைத்தையும் கூட்டிப் பத்தாயிரத்தால் வகுத்தால், கட்டிய வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்புவது 64 காசு.

இந்தச் சூதாட்டத்துக்கு உரிமம் கிடைத்த இரண்டே ஆண்டில், 1971இல், கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யத் தடை வந்தது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. விளக்கப் பிரிவில் 'சீட்டு'ம் உண்டு. மலாயில் 'கூட்டு' என்பது 'குத்து' ஆயிற்று. நடத்தியவர் பணத்தோடு ஓடிப்போனால் ஏமாறுவது ஏழைகளே என்பதால் தடைக்கு நியாயம் இருந்தது. ஆயினும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் தாமான் குடியிருப்புகளிலும் தெரிந்தவர்களுக்குள் கூட்டு ஓய்ந்துவிடவில்லை.

கூட்டு எடுத்த பணம் எங்கே போகும் என்பது முதல் மாதமே முடிவாகியிருக்கும்: அடகில் கிடக்கும் தாலிக்கொடி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். நம்பரில் விழும் பெரிய தொகைக்கு அப்படி முன்கூட்டியே ஒதுக்கிய செலவு கிடையாது. அதை வங்கியில் போடுபவருக்கும் ஓர் எல்லை உண்டு. மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரைதான். அதற்கு மேற்பட்டதைப் பல வங்கிகளில் பிரித்துப் போட்டால்தான் முழுப் பாதுகாப்பு.