முதுகில் ஒரு எண்

விடுமுறைக்கு விழிதியூர் வந்த பேரன், முதுகில் 7 என்று பெரிதாகப் போட்ட மஞ்சள் பனியனைக் கழற்றவே இல்லை. பள்ளிக் கால்பந்து அணியில் அவனுக்கு 17 கொடுத்துவிட்டார்களாம். "தோனி நம்பர்தான் வேணும் தாத்தா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்குச் சொன்ன கதையை இங்கும் எழுதுகிறேன்.

அறுவடை முடிந்த வயலில் நாங்கள் பந்து உதைத்த காலத்தில் எண் ஏது? சட்டை போட்டவர்கள் ஒரு கட்சி, போடாதவர்கள் ஒரு கட்சி. பார்ப்பவர்களுக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். ஆயிரக்கணக்கானவர்கள் தூரத்திலிருந்து பார்க்கும் மைதானத்தில் அது நடக்குமா?

அதற்காகத்தான் எண் வந்தது. இங்கிலாந்தில் 1928 ஆகஸ்ட் 25 அன்று ஆர்சனலும் செல்சியும் தத்தம் ஆட்டங்களில் எண்ணுடன் இறங்கின. 1933 கோப்பை இறுதி ஆட்டத்தில் எவர்டனுக்கு 1 முதல் 11, மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22. 1939இல் லீக் ஆட்டங்களில் கட்டாயமாக்கினார்கள். எண் ஆளுக்கல்ல, நிற்கும் இடத்துக்கு: 1 கோல்கீப்பர், 7 வலது ஓரம், 9 நடு முன்னணி, 11 இடது ஓரம். ஆள் மாறினாலும் எண் அங்கேயே இருக்கும். எங்கள் ஆபீஸ் சீட் மாதிரிதான்.

எண் ஆளோடு ஒட்டிக்கொண்டது அமெரிக்கக் கல்லூரிகளில். அவர்கள் புட்பால் வேறு, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரெட் கிரேஞ்சு என்ற மாணவர். 1924இல் மிச்சிகனுக்கு எதிராக முதல் 12 நிமிடத்திலேயே நான்கு முறை எல்லைக்கோட்டைத் தாண்டினார். அவர் எண் 77. வரிசையில் முன்னால் நின்றவருக்கு 76, பின்னால் நின்றவருக்கு 78 என்று அவரே சொல்வாராம். 1925இல் அவர் ஆடி முடித்ததும் அந்த எண்ணுக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

1958 உலகக் கோப்பையில் பிரேசில் எண் பட்டியலைக் கொடுக்காததால் வேறு யாரோ போட்டுக் கொடுத்தார்கள் என்பார்கள். கோல்கீப்பர் கில்மாருக்கு 3 வந்தது அப்படித்தான். 17 வயது பெலேவுக்கு 10 விழுந்தது. அரையிறுதியில் அவர் பிரான்சுக்கு மூன்று கோல் போட்டார். அதன்பிறகு 10 என்றாலே உலகத்துக்கு மரியாதை.

அதே போட்டியில் பிரெஞ்சு அணியின் ழுஸ்த் ஃபோந்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு மறக்காத பெயர். மாற்று ஆட்டக்காரராகத்தான் போனார். இன்னொருவருக்குக் காயம் பட்டதால் இடம் கிடைத்தது. அவருடைய பூட்ஸ் கிழிந்துபோய், சக வீரர் ஒருவருடையதை இரவல் வாங்கி ஆடினார். ஆறு ஆட்டத்தில் 13 கோல்! ஒரே உலகக் கோப்பையில் அத்தனை கோலை இன்றுவரை வேறு யாரும் போடவில்லை.

"அவர் முதுகில் என்ன எண் தெரியுமா? 17" என்றேன்.

பேரன் நிமிர்ந்து பார்த்தான். தோனி பிறந்தது 7ஆம் மாதம் 7ஆம் தேதி, அதனால்தான் 7 எடுத்தார் என்பதையும் சொன்னேன். அந்த எண்ணை இனி இந்திய அணியில் யாருக்கும் தருவதில்லை என்று 2023 டிசம்பரில் செய்தி வந்தது, அவர் அத்தனை வருடம் ஆடிய பிறகு.

நான் ஓய்வு பெற்ற மறுநாளே என் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்தார். அதில் வருத்தமில்லை, கோப்பு நகர வேண்டுமே. அங்கே சீட் பெரிது. மைதானத்தில் மட்டும் ஆள் எண்ணைப் பெரிதாக்க முடிகிறது.

ஊருக்குக் கிளம்பும்போது பேரன் கேட்டான்: "ஃபோந்தேன் பேரை எப்படி எழுதணும் தாத்தா?"